தொறங்க சார்

"இது அம்மா கட்டின பெட்டி" என்கிறார் விமான நிலையத்துச் சுங்க அதிகாரி, எக்ஸ்ரே திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "மூலையைப் பாருங்க, ஒரு விரல் நுழைய எடமில்ல. செருப்புக்குள்ள சோப்பு, சோப்புக்கும் செருப்புக்கும் நடுவுல கைக்குட்டை. பெத்தவளால மட்டும்தான் இப்படித் திணிக்க முடியும்."

பக்கத்தில் நிற்கும் சின்ன மேடம் தலையாட்டுகிறார். வேலைக்குப் புதிது என்பதால் எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறார். அடுத்த பெட்டி உள்ளே போகிறது. "இது அவனே கட்டினது. கட்டினதுன்னு சொல்லக்கூடாது. எல்லாத்தையும் கொட்டிட்டு மூடிமேல ஏறி உக்காந்திருக்கான்." பெட்டி வெளியே வருகிறது. அதன் நடுமுதுகில் ஒரு பள்ளம்.

வெளிநாட்டிலிருந்து வந்து இறங்குகிறவர்களின் பெட்டிகள் சுங்கத் துறையின் எக்ஸ்ரே இயந்திரத்துக்குள் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளிவரும். நடுவில் இவருடைய திரையில் ஒரு கணம் அம்மணமாக நின்றுவிட்டுப் போகும். துணியும் சோப்பும் ரொட்டியும் ஆரஞ்சு நிறம். இரும்பு வகையறா நீலம். இரண்டுங்கெட்டான் எல்லாம் பச்சை. கதிர் ஊடுருவ முடியாத அளவுக்குக் கெட்டியானது கறுப்பு. சந்தேகம் தட்டினால் பெட்டியைத் தனியே வைக்கச் சொல்லி, உரியவரைப் பார்த்து, "கொஞ்சம் தொறங்க, சும்மா பாத்துக்குவோம்" என்பார். விருந்தாளியிடம் இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்ளச் சொல்கிற குரல் அது. கேட்கிறவர்கள் சாவியைத் தேடிச் சட்டைப்பையெல்லாம் துழாவுவார்கள். இதனால் அவருக்குத் 'தொறங்க சார்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. வேறு ஊரிலிருந்து மாற்றலாகி வந்த ஓர் அதிகாரி அதுதான் இவருடைய சொந்தப் பெயர் என்று நம்பி, தலைமை அலுவலகத்துடன் தொலைபேசியில் பேசும்போது 'மிஸ்டர் தொறங்க' என்று வெகு மரியாதையாகக் குறிப்பிட்டார்.

ஆள் கெட்டிக்காரர்தான், அதில் சந்தேகமில்லை. "இஸ்திரிப் பெட்டிக்கு எதுக்கு வயிறு இவ்ளோ கறுத்துக் கெடக்கு?" என்று கேட்டே அதற்குள்ளிருந்து தங்கத்தை எடுத்தவர். ஆனால் எல்லா நாளும் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒரு முறை, கரடி பொம்மையின் வயிற்றில் கறுப்பாக ஏதோ தெரிகிறது என்று பெரிய பரபரப்போடு தையலைப் பிரித்தார். உள்ளே பாட்டுப் பெட்டி. கை பட்டதும் கரடி பாட ஆரம்பித்துவிட்டது. எதைத் தட்டியும் நிற்கவில்லை. பொம்மைக்கு உரியவரிடம் மன்னிப்புக் கேட்டு, தாமே ஊசி நூல் வாங்கிவரச் சொல்லி வயிற்றைத் தைத்துக்கொடுத்தார். தைத்து முடிக்கும்வரை அது பாடிக்கொண்டே இருந்தது. கூடத்தில் இருந்தவர்கள் தாளம் போடாத குறை.

இயந்திரத்தோடு இந்த வேலை முடிந்துவிட்டால் யாருக்கும் தொல்லையில்லை. மனுஷன் கண்ணை வீட்டுக்கும் கூடவே கொண்டுபோய்விடுகிறார். மனைவி காய்கறிப் பையோடு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "முட்டைக்கோஸ் வாங்கிட்டியா? போன வாரந்தானே வாங்கின" என்பார். பையின் வாய் கட்டியிருக்கும். மைத்துனன் கல்யாணத்தில் பரிசுப் பொட்டலங்களுக்குக் காவலாக இவரை உட்கார வைத்தார்கள். வைத்தவர்களைத்தான் உதைக்க வேண்டும். ஒவ்வொன்றாகத் தூக்கிச் சாய்த்துப் பார்த்து, "கடிகாரம். இதுவும் கடிகாரம். இது போட்டோ சட்டம், கண்ணாடி வேற விட்டிருக்கு. இது யாரோ இவங்களுக்குக் குடுத்தத அப்படியே தள்ளிவிட்டிருக்காங்க, பழைய டப்பா" என்று அறிவித்துக்கொண்டே போனார். கடைசியாகச் சொன்ன பொட்டலத்தைக் கொடுத்த பெரியப்பா அப்போதுதான் கை நனைத்துவிட்டு எதிரே வந்து நின்றார். அன்றிலிருந்து மைத்துனன் இவரிடம் பேசுவது அளவோடுதான்.

மனைவியின் குறை வேறு. கல்யாணமான நாளிலிருந்து ஒரு பிறந்தநாளுக்காவது இவருக்குத் தெரியாமல் ஒன்றை வாங்கிக் கொடுத்துவிட வேண்டும் என்று பார்க்கிறார். நடந்தபாடில்லை. சட்டையைப் பழைய புடவைக்குள் சுற்றி வைத்தார். "புடவைக்குக் காலர் முளைச்சிருக்கே" என்றார். கைக்கடிகாரத்தை அரிசி டப்பாவுக்குள் புதைத்தார். டப்பாவை நகர்த்திய இவர், உள்ளே ஏதோ உருள்கிறது என்று கையை விட்டு எடுத்து, கட்டியும் கொண்டு, "மணி சரியா இருக்கு" என்றார். கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. "பாத்ததும் வாய்ல வந்துடுது, நான் என்ன பண்ணட்டும்?" என்பார்.

அன்றைக்கு அவர் மனைவி அரிசி டப்பாவின் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதார். "உங்களுக்கு ஒண்ணக் குடுத்து, நீங்க 'அட'ன்னு வாயப் பொளக்கறத ஒரே ஒரு தடவ பாக்கணும்னு எனக்கு ஆசை இருக்காதா? நானும் ஒவ்வொரு வருஷமும் திருடி மாதிரி ஒளிச்சு வைக்கிறேன், நீங்க போலீஸ் மாதிரி புடிச்சுடறீங்க."

தங்கக் கடத்தல்காரர்களின் சாபங்களைத் தூசி மாதிரித் தட்டிவிட்டவருக்கு இது சுருக்கென்று தைத்தது. மனைவி கொடுப்பதை வாங்கிக்கொள்ளத் தெரியாத ஜென்மமாகிவிட்டோமே என்று உண்மையிலேயே வருந்தினார். மறுநாள் குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று 'அட' சொல்லிப் பழகினார். கதவிடுக்கில் எட்டிப் பார்த்த மகள், "அப்பா, வேணாம்ப்பா. பல்வலி வந்த மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டாள்.

அந்த மகள் பிறகு வெளிநாட்டில் வேலை கிடைத்துப் போனாள். இந்த ஆண்டு அப்பாவின் பிறந்தநாளுக்கு விடுப்பில் வருவதாகச் சொன்னாள். அம்மாவும் பெண்ணும் சேர்ந்து ஏதோ ஏற்பாடு செய்திருந்தார்கள். போனில் ஒரே குசுகுசுப்பு. குசுகுசுப்பு தொடங்கினால் இவரே எழுந்து மொட்டைமாடிக்குப் போய்விடுவார், அவ்வளவு திருந்தியிருந்தார். விமானம் காலையில் வந்து சேர வேண்டியது. இவருக்கு மாலையில்தான் பணி. மகளின் பெட்டியை வேறு யாராவது பார்த்து அனுப்பிவிடுவார்கள் என்றுதான் திட்டமே.

விமானம் தாமதமாகி, இவர் நாற்காலியில் உட்கார்ந்த பிறகு வந்து இறங்கியது. மனைவியிடமிருந்து போன் வந்தது.

"ஏங்க, நீங்களா அங்க இருக்கீங்க?"

"நானேதான் இருக்கேன்."

"ஐயையோ. அவ பெட்டிய மட்டும் பாத்துடாதீங்க. உங்களக் கெஞ்சிக் கேட்டுக்கறேன். இந்தத் தடவயும் கெடுத்தீங்கன்னா, இனிமே உங்களுக்கு நான் ஒண்ணுமே வாங்க மாட்டேன். சத்தியமா சொல்றேன்."

மிரட்டல் என்றால் இவர் பொருட்படுத்தியிருக்க மாட்டார். குரல் உடைந்திருந்தது.

வரிசையில் மகள் தெரிந்தாள். மெலிந்திருந்தாள், முடியைக் கத்தரித்திருந்தாள். இவரைப் பார்த்துக் கையை ஆட்டியவள், உடனே அதே கையால் தன் கண்ணைப் பொத்திக் காட்டினாள். அவளுக்கும் போன் போயிருக்கிறது.

சொந்தக்காரர் பெட்டி வந்தால் திரையை அடுத்தவரிடம் விட்டுவிட வேண்டும் என்பது விதி. கூடத்தை விட்டு வெளியே போக முடியாது. அந்த நேரத்துக்கு இருப்பதே இவரும் சின்ன மேடமும்தான். "மேடம், நீங்க உக்காருங்க, என் பொண்ணு வரா" என்று எழுந்து, ஆறடி தள்ளிப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். வகுப்பில் வாத்தியார் நிறுத்தி வைத்ததுபோல, முழுச் சீருடையில். பெட்டி உள்ளே போகிற சத்தம் கேட்டது. பெட்டியைச் சுமந்துபோகும் பட்டை நின்றது. பின்னால் போனது. மறுபடி முன்னால் வந்தது.

"சார்" என்றார் சின்ன மேடம். "இது என்னன்னே புரியல சார். நீலமா நீளமா ஒண்ணு இருக்கு, அதுல பச்சையா வட்டம் வட்டமா... ஒரே ஒரு நிமிஷம் பாத்துச் சொல்லிடுங்க சார்."

அவருடைய முதுகு ஒரு முறை துடித்ததை அங்கிருந்த எல்லாரும் பார்த்தார்கள். நீளம், நீலம், பச்சை வட்டம். மூளை தானாகவே அடுக்க ஆரம்பித்துவிட்டது. மீன் தூண்டிலா? தொலைநோக்கியா? இன்னும் ஒரு வார்த்தை காதில் விழுந்தால் கண்டுபிடித்துவிடுவார், கண்டுபிடித்தால் சொல்லியும் விடுவார். தன்னைப் பற்றி அவருக்குத் தெரியாதா?

"எனக்குச் சொல்லாதீங்க!" என்று சுவரைப் பார்த்துக் கத்தினார். "சந்தேகம்னா தொறங்க! யார் பொண்ணா இருந்தா என்ன, தொறந்து பாருங்க!"

"சார், தொறந்தா நீங்க..."

"நான் பாக்கல! நான் இங்க இல்லவே இல்ல!"

ஜிப் திறக்கிற சத்தம். காகிதம் சரசரத்தது. சின்ன மேடம், "ஐயோ, இதுவா!" என்று வாய்விட்டுச் சிரித்தார். வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்து அவர்களும் சிரித்தார்கள். ஒரு சுமைதூக்கி, "சார் குடுத்து வச்சவர்" என்றார். ஊரெல்லாம் பார்த்துவிட்டது, அவரைத் தவிர.

எல்லாம் மூடியாயிற்று. மகள் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து அவர் தோளைத் தொட்டு, "அப்பா, நான்தான். முடிஞ்சுதுப்பா, திரும்புங்க" என்றாள். தொட்டது சின்ன மேடம் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. அவள் சொன்னது அவருக்குக் கேட்கவில்லை, எப்போதோ இரண்டு ஆள்காட்டி விரல்களையும் காதுக்குள் விட்டுக்கொண்டிருந்தார். கண்களை இறுக மூடிக்கொண்டு, வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டியபடி, நெற்றியைச் சுவரில் இன்னும் அழுத்தமாக முட்டுக்கொடுத்து நின்றார்.