முகூர்த்தப் புடவையும் ஷெனாய் கேசட்டும்

என் முகூர்த்தப் புடவையை எடுக்கப் போனபோது கடையில் குத்துப்பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. திருவொற்றியூர்த் தேரடிக்குப் பக்கத்தில் இரண்டு மாடிக் கடை. செல்போன் எல்லோர் கைக்கும் வராத காலம். எங்கள் வழக்கத்தில் முகூர்த்தப் புடவை மாப்பிள்ளை வீட்டார் எடுப்பது. ஆகவே எந்தப் புடவை என்பதையும் மாமியார்தான் சொல்வார். பெண்ணை எதற்குக் கூட்டிப்போவார்கள் என்றால், போட்டுப் பார்க்க ஒரு தோள் வேண்டும், அதற்குத்தான்.

எனக்குக் கிளிப்பச்சை வேண்டும். சிவப்புக் கரை போட்ட கிளிப்பச்சை. பள்ளிக்கூடம் போகும்போதே முடிவு செய்துவிட்டேன். மாப்பிள்ளையைக்கூட அவ்வளவு முன்னதாக முடிவு செய்யவில்லை. என் மாமியாராகப் போகிற அத்தைக்கோ அரக்குதான் பிடித்தது. அழுக்குத் தெரியாதாம். தாலி கட்டுகிற நேரத்தில் நான் என்ன கரியா அள்ளப் போகிறேன்?

அத்தை எண்ணூர் முகத்துவாரக்குப்பத்திலிருந்து வந்திருந்தார். மீன் விற்கிற கை, இயல்பிலேயே வேகமான கை. அதோடு குத்துப்பாட்டும் சேர்ந்தால் கேட்க வேண்டுமா? ஒவ்வொரு அடிக்கும் ஒரு புடவை பறந்தது. "வேணாம்... வேணாம்... இது கலீஜா கீது... வேணாம்..." விற்பனையாளர் ஒன்றைப் பிரிப்பதற்குள் அடுத்ததைத் தள்ளினார். என் கிளிப்பச்சையும் அந்த வேகத்தில் பறந்துபோனது. நான் நைசாக அதை இழுத்து முழங்காலுக்கு அடியில் வைத்துக்கொண்டேன். நல்லவேளை, பாயில் உட்கார்ந்து பார்க்கிற கடை.

முதலாளிக்கு இது பொறுக்கவில்லை. அவர் சமீபத்தில் தி.நகர் போய் வந்தவர். அங்கே மெதுவாக வாத்திய இசை போடுகிறார்களாம், பெண்கள் மணிக்கணக்கில் உட்கார்ந்து அள்ளிக்கொண்டு போகிறார்களாம். "நம்ம கடையில பாட்டு போடற வேகத்துல அல்லாரும் பஸ்ஸு புடிக்கப் போற மாரி பறக்கறாங்கோ" என்று விற்பனையாளரிடம் சொல்லிக்கொண்டே, என் கண்ணெதிரில் டேப்பில் கேசட்டை மாற்றினார். உறையில் ஷெனாய் படம் இருந்தது. மாடியில் எப்படிக் கேட்கிறது என்று பார்க்க மேலே ஏறிப் போய்விட்டார்.

எங்கள் பக்கத்தில் ஷெனாய்க்கு ஒரே அர்த்தம்தான். பெரிய தலைவர் யாராவது இறந்தால் ரேடியோவும் டிவியும் சினிமாப் பாட்டை நிறுத்திவிட்டு அதைத்தான் அழவிடும். அடுத்தது கடையடைப்பு. அதற்கடுத்தது பஸ் மேல் கல்.

அத்தையின் கை அந்தரத்தில் நின்றது.

"யாரு பூட்டாங்கமே?"

"தெரியலையே அத்த" என்றேன்.

பொய். அப்பட்டமான பொய். ஆனால் முழங்காலுக்கு அடியில் கிளிப்பச்சை இருந்தது.

பக்கத்தில் பாவாடைத் துணி பார்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள், எந்தெந்தத் தலைவர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். இன்னொருத்தி வாசலுக்கு ஓடிப்போய் யார் இறந்தது என்று கேட்டாள். இவள் கேட்டதையே செய்தியாக எடுத்துக்கொண்டு எதிரே டீக்கடைக்காரர் ரேடியோவை அணைத்தார். பாத்திரக்கடை ஷட்டர் பாதி இறங்கியது. டீக்கடையில் அதற்குள் இரண்டு தலைவர்கள் இறந்திருந்தார்கள். கேசட் மாற்றியதைப் பார்த்த விற்பனையாளரே ஷட்டர் சத்தத்தில் நம்பிவிட்டார். "மொதலாளி போட்ட நேரம், நெசமாவே பூட்டாரு போல" என்று நெஞ்சில் கை வைத்தார்.

"இன்னாமே பாத்துகினு கீற? எண்ணூர் பஸ்ஸ நிறுத்திட்டா நீயா என்னத் தூக்கினு போவ? ஒன்க்கு எது புட்ச்சிருக்கோ எட்த்துக்கோ, சட்டுனு!"

முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு கிளிப்பச்சையை உருவிக் கொடுத்தேன். உள்ளுக்குள் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம், சிரிப்பை அடக்கக் கன்னத்தைக் கடித்துக்கொண்டேன். விற்பனையாளர் வாசலையே பார்த்துக்கொண்டு பொட்டலம் கட்டினார், அத்தை அதைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார். பஸ் எப்போதும்போல வந்தது. "தலைவருங்கோ அல்லாரும் சோக்கா கீறாங்கோ, ஏறும்மா" என்றார் கண்டக்டர்.

முகூர்த்தப் பொட்டலத்தை மாப்பிள்ளை வீட்டில் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டால், கல்யாணத்தன்று தட்டில் வருகிற வரை பிரிக்கக் கூடாது. அதுவும் எங்கள் வழக்கம். நானே அலைந்து அதே கிளிப்பச்சையில் துணி வாங்கி ஜாக்கெட் தைத்துக்கொண்டேன். கல்யாணத்தன்று விடியற்காலை தட்டு வந்தது. பிரித்தேன்.

அரக்கு.

அந்தப் பதற்றத்தில் விற்பனையாளர் பக்கத்தில் கிடந்ததை மடித்துக் கட்டிவிட்டிருந்தார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. வாய் திறந்து ஒரு வார்த்தை, "அத்த, அது வெறும் கேசட்டு" என்று அன்றைக்கே சொல்லியிருந்தால், நிதானமாகச் சண்டையாவது போட்டிருக்கலாம். அத்தைக்கோ வாயெல்லாம் பல். "பாத்தியாமே, சாமியே எனக்கு புட்ச்சத எட்த்து குட்த்துருக்கு!"

கல்யாண ஆல்பத்தில் நான் அரக்குப் புடவையும் கிளிப்பச்சை ஜாக்கெட்டுமாக, எல்லாப் படத்திலும் தலை குனிந்தே இருப்பேன். பார்க்கிறவர்கள் எல்லோரும் என்ன வெட்கம், என்ன அடக்கம் என்கிறார்கள். நான் புடவையை முறைத்துக்கொண்டிருந்தேன்.