நடந்து போனவர்களின் டிக்கெட்டுகள்

சென்ற வியாழக்கிழமை காலை, சித்தூரிலிருந்து பாலக்காடு போகும் பஸ்ஸில் கண்டக்டர் என் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு நகராமல் நின்றார். "அம்மிணிக்குத் தெரியுங்களா? நம்ம மீரான் ராவுத்தர் நேத்து மௌத்தாயிட்டாருங்க. அடக்கமும் ஆயிருச்சு" என்றார். நான் தலையை மட்டும் அசைத்தேன். பேச வேண்டிய இடத்தில் தலையை அசைப்பது என் பழக்கம். அந்தப் பழக்கத்தால் அவருக்கு நேர்ந்ததைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

பஸ் நிலையத்தில் டைம் கீப்பராக இருந்த அவரை உங்களில் பலருக்குத் தெரியும். நேரமாகியும் வண்டியை எடுக்காத டிரைவரிடம் கோபப்பட மாட்டார். "மாப்பிள்ளை அழைப்புக்கு ஆளு வரணுங்களா?" என்று கேட்பார், வண்டி உடனே உறுமும். ஆனால் அவர் ஏன் அந்த மேசையை விட்டு டயர் ஷெட்டுக்குப் போனார் என்பது பற்றி உங்களிடையே உலவுவது தவறான கதை. செல்லாத டிக்கெட்டுகளை வைத்து ஏதோ தில்லுமுல்லு செய்தார் என்பது அந்தக் கதை.

நகரைச் சுற்றியுள்ள ஊர்களுக்குப் பஸ் வசதியைப் பெருக்க ஒரு கமிட்டி அமைத்தார்கள். புது வண்டிகள் ஒவ்வொன்றாகத்தான் வரும் என்பதால் வேலையை மூன்று கட்டமாகப் பிரித்தார்கள். கூட்டம் மிகுந்த தடம் முதல் கட்டம், அடுத்தது இரண்டாவது. மூன்றாவது எப்போது என்று யாருக்கும் தெரியாது. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் பெற்ற நான் அந்தக் கமிட்டியில் குமாஸ்தா. எந்த நிறுத்தத்தில் எத்தனை பேர் காத்து நிற்கிறார்கள் என்று எண்ணி அச்சடித்த படிவத்தில் எழுதுவது என் வேலை. ஊருக்குப் பாதை பிரியும் கல்லாம்பதி பிரிவு நிறுத்தத்தில் ஏறக்குறைய யாருமே நிற்கவில்லை. அப்படியே எழுதினேன்.

படிவத்தை எட்டிப் பார்த்த ராவுத்தரண்ணன், "நிக்கிறவங்கள எண்ணிட்டீங்க அம்மிணி. நடக்கறவங்கள ஆரு எண்ணறது?" என்று கேட்டார்.

மறுநாள் விடியும்போது அந்தப் பிரிவில் அவரோடு உட்கார்ந்தேன். முதல் பஸ் வருவதற்குள் சந்தை பாதி முடிந்துவிடும். அதனால் கல்லாம்பதிப் பெண்கள் காய்கறிக் கூடையும் மோர்ப் பானையுமாக இருட்டோடு கிளம்பி நடந்தே போனார்கள். கட்டணம் மாறியபோது செல்லாமல் போன பழைய டிக்கெட்டுகள் சில கட்டுகள் ராவுத்தரண்ணனிடம் இருந்தன. கடந்து போகும் ஒவ்வொருவருக்கும் ஒரு டிக்கெட்டில் துளை போட்டார். எண்ணுவதற்கு அவருக்குக் கைவந்த முறை அது. கூடை சுமந்த ஒரு பெண் நின்று பார்த்து, "ஏனுங்க ராவுத்தரே, பஸ்ஸுக்கு முன்னால டிக்கெட்டு வந்துருச்சுங்களா?" என்றாள். "டிக்கெட்டு மொதல்ல வரட்டும். பஸ்ஸு வெக்கப்பட்டுட்டுப் பின்னால வரும்" என்றார் அவர். மூன்றாம் நாள் துளை போடும் கருவியை என் கையில் கொடுத்தார். அன்றைய கட்டு முழுக்க நான் துளைத்தது.

கமிட்டிக் கூட்டத்தில் அவர் இரண்டு கட்டுகளை மேசைமேல் வைத்தார். நான் துளைத்த மூன்றாவது கட்டு என் கைப்பையில் இருந்தது. தலைவர் ஒரு டிக்கெட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நடக்கிறவனுக்கு எதற்கு டிக்கெட் என்று ஒருவர் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றது. செல்லாத டிக்கெட் இவர் கையில் எப்படி இருக்கிறது, இதை வைத்து வேறு என்னவெல்லாம் செய்திருப்பார் என்று பேச்சு திரும்பியது. கல்லாம்பதியில் உமக்குச் சொந்தக்காரர் உண்டா என்று தலைவர் கேட்டார்.

"தங்கச்சி ஊடு அங்கதானுங்க" என்றார் ராவுத்தரண்ணன். "அதுனாலதான் அவங்க நடக்கறது என்ற கண்ணுல பட்டுதுங்க."

தலைவர் என் பக்கம் திரும்பினார். "இந்த எண்ணிக்கை விஷயம் உனக்குத் தெரியுமா, அம்மா?"

கைப்பையின் வாயை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தேன். தலையை அசைத்து, "தெரியாதுங்க சார்" என்றேன்.

ராவுத்தரண்ணன் என்னைப் பார்க்கவில்லை. மேசையில் சிதறிக் கிடந்த டிக்கெட்டுகளை மட்டும் ஒன்றாகச் சேர்த்து அடுக்கினார். கல்லாம்பதி மூன்றாம் கட்டத்துக்குப் போயிற்று. அந்த வாரமே அவரிடமிருந்து துளை போடும் கருவியை வாங்கிக்கொண்டு, பழைய டயர்களுக்குக் காவலாக ஷெட்டில் போட்டார்கள்.

சில மாதங்கள் அந்தப் பக்கமே போகாமல் சுற்றிப் போனேன். ஒருநாள் மழைக்கு ஒதுங்க வேறு இடமில்லாமல் ஷெட்டுக்குள் நுழைந்தேன். டயர் ஒன்றின்மேல் உட்கார்ந்திருந்தவர் நகர்ந்து இடம் விட்டார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்து, மழையைப் பற்றி ஏதோ சொன்னேன். அவர் சிரித்தார். "நடக்கறவங்க கணக்குல உங்களையும் ஒண்ணு சேத்துட்டேனுங்க அம்மிணி. அவங்களும் வாயத் தொறக்காமத்தான் போறாங்க." அதில் குத்தல் இருந்தது. ஆனால் மழை விடும்வரை தன் குடையை என் பக்கமாகத்தான் சாய்த்துப் பிடித்திருந்தார், கூரை ஒழுகியதால்.

அதற்குப் பிறகும் நான் சொல்லவில்லை. சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டே இரண்டு வருஷம் போனது. இப்போது அவர் இல்லை. கல்லாம்பதிப் பெண்கள் இன்றும் நடந்துதான் போகிறார்கள்.

அவரை அறிந்தவர்களே, அவர் எந்தத் தில்லுமுல்லும் செய்யவில்லை. அவர் எண்ணியது உண்மை. பக்கத்தில் உட்கார்ந்து நானும் எண்ணினேன். அவருடையதாக என்னிடம் மிஞ்சியிருப்பது நான் துளைத்த அந்த ஒரு கட்டு. மூன்றாம் கட்டத்தைப் பற்றிப் பேச அடுத்த மாதம் கமிட்டி கூடுகிறது. யாராவது என்னைக் கேட்பார்களா, தெரியாது. கேட்காவிட்டாலும் கட்டு கைப்பைக்குள் இருக்காது. மேசைமேல், என் கையெழுத்தோடு இருக்கும்.