உச்சி குட்டையான குல்லாய்

குல்லாயை எடுத்ததும் கோமளா முதலில் அதைப் பார்ப்பதில்லை. இடது கையை மடக்கி, மடக்கிய கையில் குல்லாயை மாட்டி, உச்சியில் வலது கட்டைவிரலை வைத்தும் வைக்காமலும் வைக்கிறாள். ஒரு மூச்சு விடும் நேரம்தான். அதன் பிறகே தையல், கறை, ஓட்டை எல்லாம். நன்றாக இருந்தால் வலப்பக்கப் பெட்டி. பிழை இருந்தால் அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டி இடப்பக்கக் கழிவுப் பெட்டி. காலை எட்டரைக்கு உட்கார்ந்தால் சாயங்காலம் வரைக்கும் இதே வேலை, இதே விரல்.

முதலிபாளையம் தொழிற்பேட்டையில் பச்சைக் குழந்தைகளின் உடுப்பை மட்டுமே தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற கம்பெனி அது. கோமளா பதினோரு வருடமாக அங்கே செக்கிங். வயது முப்பத்து நான்கு. வாழ்க்கைப்பட்டது அவிநாசி, கம்பெனி வேனில் வந்து போகிறாள். அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டாள். மரியாதை ஆளுக்கு மட்டுமல்ல, கரண்ட் போனால் டியூப்லைட்டை அண்ணாந்து பார்த்து, "போச்சுங்களா?" என்று அதனிடமே கேட்பாள். கண் மட்டும் பொல்லாத கண். அவளைப் பேட்டி காண வந்த பத்திரிகைக்காரர் சட்டையில் இரண்டாவது பொத்தானுக்குக் கீழே தையல் விட்டிருப்பதை, அவர் நாற்காலியில் உட்காருவதற்குள் கண்டுபிடித்துவிட்டாள். சொல்லவில்லை. பேசி முடிக்கிற வரைக்கும் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் மேஜையில் ஒரு வகைப் பிழைக்கு மட்டும் அம்பு கிடையாது. ஓரத்தை வெட்டிக்கொண்டே தைக்கும் ஓவர்லாக் மெஷினின் கத்தி துணியைக் கொஞ்சம் கூடுதலாகக் கடித்துவிட்டால் குல்லாயின் உச்சி குட்டையாகிவிடும். நெற்றி மட்டும் சரியாக இருக்கும். அதற்கு மேல் தலையே இல்லாததுபோல் தட்டையாக நிற்கும். வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ இப்படி வரும். வந்தால் அது எந்தப் பெட்டிக்கும் போகாது. கோமளாவின் சாப்பாட்டுப் பைக்குள் போய்விடும். தரம் பார்க்கும் வேல்குமார் வாயாடி, ஒரு நூல் பிசிருக்கு ஒரு மணி நேரம் சண்டை பிடிப்பவர். அவரும் அப்போது வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்.

ஐந்து வருடத்துக்கு முன் கோமளா பிள்ளையுண்டாகியிருந்தாள். ஐந்தாம் மாதம் எடுக்கவேண்டிய ஸ்கேனை, 'வயிறு நல்லாத்தானே இருக்குது' என்று அவளே தள்ளிப்போட்டாள். ஏழாம் மாதம் எடுத்தபோது டாக்டரம்மா திரையைத் திருப்பிக் காட்டவில்லை. பிள்ளைக்கு மண்டை ஓட்டின் மேல்பகுதி உருவாகவே இல்லை, பிறந்தாலும் தங்காது, இதில் யார் குற்றமும் இல்லை என்று உட்காரவைத்து நிதானமாகச் சொன்னார். உள்ளே அது பாட்டுக்கு உதைத்துக்கொண்டிருந்தது. கணவன் மகுடேஸ்வரன் பனியன் துணி ஏற்றும் டெம்போ ஓட்டுகிறவன். அன்று வண்டியை எங்கே நிறுத்தினோம் என்று தெரியாமல் ஆஸ்பத்திரி வாசலில் முக்கால் மணி நேரம் தேடினான்.

பிரசவத்துக்கு வரும்போது ஒரு குல்லாய் கொண்டுவரும்படி நர்ஸம்மா சொல்லியிருந்தார். பிறப்பதற்கு முன்னால் பிள்ளைக்குப் புதுசு வாங்கி வைப்பது ஆகாது. அதனால் கோமளா கழிவுப் பெட்டியில் கிடந்த ஒன்றைக் கேட்டு எடுத்துக்கொண்டாள். உச்சி குட்டையான குல்லாய். முந்தின வாரம் அவளே அம்பு ஒட்டித் தள்ளியது. பிரசவ அறையில்தான் ஸ்டிக்கர் அப்படியே இருப்பதைப் பார்த்தாள். ஒட்டிய கையாலேயே உரித்தாள்.

பையன். குல்லாய் போட்டுத்தான் மார்பில் வைத்தார்கள். மூக்கு மகுடேஸ்வரனுடையது, உதடு இவளுடையது. மூன்று மணி நேரம் இருந்தான். அந்த மூன்று மணி நேரமும் கோமளா உச்சியில் கட்டைவிரலை வைத்தும் வைக்காமலும் வைத்திருந்தாள். துணிக்கு அடியில் துடித்தது. பிறகு துடிக்கவில்லை. குல்லாயைக் கழற்றாமலே கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள். அதற்குள் என்ன இருந்தது என்பதை இன்றுவரை அவள் பார்த்ததில்லை.

"அளவு தப்புன குல்லான்னு நாந்தானுங்க அம்பு ஒட்டுனேன்" என்கிறாள், கையில் இருக்கும் குல்லாயை விடாமல். "அது தப்பவே இல்லீங்க. அவன் தலைக்குன்னே வெட்டுன மாதிரி அப்படிப் பொருந்துச்சு. அப்ப அந்த மெசினுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்குதுங்களே."

அதெல்லாம் இல்லை என்று சொல்லக் கேட்கிறவருக்கு வாய் வருகிறது. அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, அவள் சொன்னதை மட்டும் நோட்டில் எழுதிக்கொள்கிறார்.

அதோடு போயிருந்தால் துக்கம் என்று விட்டுவிடலாம். அவள் வேலைக்குத் திரும்பிய எட்டாம் மாதம் இன்னொரு குட்டைக் குல்லாய் வந்தது. வழக்கம்போல அம்பு ஒட்டி இடப்பக்கம் போட்டாள். பதினோராம் நாள், அயர்ன் டேபிளில் நிற்கும் பழனியம்மாளின் மகளுக்குப் பொங்கலூரில் பிள்ளை பிறந்தது. அதே மாதிரி. காக்காய் உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று வேல்குமார்தான் எல்லோருக்கும் தைரியம் சொன்னார். சொன்னவர் கழிவுப் பெட்டிப் பக்கம் ஒரு வாரம் போகவில்லை.

"காலியா உட்டா அது தலை தேடுமுங்க" என்பது கோமளாவின் முடிவு. அவிநாசியில் அவள் வீட்டு அலமாரியின் மேல்தட்டில் ஏழு கொட்டாங்குச்சிகள் வரிசையாகக் கவிழ்ந்திருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு குல்லாய். பட்டப்பகலில் ஃபேன் காற்றில் நாடாக்கள் ஆடும்போது, ஏழு பேர் நம் பேச்சைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது போலத்தான் இருக்கிறது. மகுடேஸ்வரன் அவை கண்ணில் படாதபடி கட்டிலைத் திருப்பிப் போட்டுக்கொண்டான். எடுத்து எறியச் சொல்லவில்லை. தேங்காய் உடைத்தால் நல்ல உருண்டையான மூடியாகப் பார்த்துத் துருவி, கழுவி, வெயிலில் காயவைத்துவிடுகிறான்.

எட்டாவது இந்தப் பங்குனியில் வந்தது. வந்தது வேல்விழியின் மெஷினிலிருந்து. உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண், இருபத்து மூன்று வயது, தலைச்சன் பிள்ளை, எட்டு மாதம். மெஷினுக்கும் வயிற்றுக்கும் இடையில் ஒரு சாண் இடம்கூட இல்லாமல் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள்.

கோமளாவின் விரல் உச்சியைத் தேடியது, உச்சி இல்லை. மாட்டிய கையை அப்படியே மேஜைக்கு அடியில் கொண்டுபோனாள். அன்று முழுக்க ஒற்றைக் கையால் வேலை பார்த்தாள். டீ நேரத்தில் வேல்விழி பக்கத்தில் வந்து உட்கார்ந்தபோது, ஸ்கேன் எடுத்தாயிற்றா என்று மட்டும் கேட்டாள்.

"எல்லாம் நல்லாருக்குன்னு சொல்லிட்டாகக்கா. நேத்துத்தான் பார்த்தாக."

சீட்டையும் காட்டினாள். கோமளா அதை எழுத்துக்கூட்டி இரண்டு முறை படித்தாள். சீட்டில் பிழை இல்லை. ஆனால் கை வெளியே வரவில்லை.

மறுவாரம் வேல்விழி பிரசவத்துக்கு ஊருக்குப் போனாள். அன்றிலிருந்து எட்டாவது குல்லாய், மாட்டிய கொட்டாங்குச்சியோடு, அலமாரிக்குப் போகாமல் கோமளாவின் சாப்பாட்டுப் பையிலேயே வந்து போனது. வேனில் மடியில் இருக்கும், கம்பெனியில் மேஜைக்குக் கீழே இருக்கும். வேலை ஓய்ந்த நேரத்தில் கொட்டாங்குச்சியை எடுத்துவிட்டுத் தன் கையை மாட்டிக்கொள்வாள். சூடு இருந்தால் நல்லதாம். பழனியம்மாள் ஒருநாள் அயர்ன் டேபிளை விட்டு வந்தாள். தன் கையை அந்தக் குல்லாயின் மேல் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டுப் போனாள்.

மூன்றாம் வாரம், சாயங்கால டீ நேரத்தில் போன் வந்தது. வேல்விழியின் வீட்டுக்காரன் முனீஸ்.

"பொம்பளப் பிள்ளைக்கா. ரெண்டு பேரும் நல்லாருக்காக."

"தலை எப்படிங்க இருக்குது?"

முனீஸுக்குக் கேள்வி புரியவில்லை. முடி காடு மாதிரி இருக்கிறது என்று சிரித்தான். கோமளா சிரிக்கவில்லை.

"குல்லா போடாம ஒரு போட்டோ அனுப்புங்க கண்ணு."

படம் வந்தது. பழைய சேலைத் துணியில் ஒரு சிவந்த முகம், சுருங்கிய நெற்றி, அதற்கு மேலே கருகருவென்று உருண்ட தலை. கோமளா போனை மேஜையில் படுக்கவைத்தாள். இடது கை குல்லாய்க்குள் மடங்கியபடி மடியில் இருந்தது. வலது கட்டைவிரலை அந்தத் தலையின் உச்சியில் வைத்தும் வைக்காமலும் வைத்தாள். டீ ஆறியது. பெல் அடித்து எல்லோரும் மெஷினுக்குப் போனார்கள். திரை மங்கி அணைந்தது. விரலால் தொட்டு எழுப்பி, மறுபடியும் அதே இடத்தில் வைத்தாள்.