ஏழு முறுக்குக் கம்பி

கோபம் வந்தால் மாரீஸ்வரிக்குக் கண்மண் தெரியாது. ஏழு வருஷமாக அந்தக் கோபத்தையெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டவள், பாவம், பக்கத்து வீட்டு இருதயமேரி.

செம்பூர் மலைச்சரிவில் இருவர் வீடும் ஒட்டினாற்போல் இருந்தன. ஹாஸ்டல் போர்வைகளைத் துவைத்துக் கொடுப்பது மாரீஸ்வரியின் பிழைப்பு. காயப்போட, வாசல் நிலையிலிருந்து மேலேயிருக்கும் பெரிய பாறையில் அடித்த முளை வரைக்கும் இரும்புக் கம்பி கட்டியிருந்தாள். ஒவ்வொரு மழைக்கும் அது தொய்ந்துவிடும். முளையில் இன்னொரு முறுக்கு ஏற்றி இழுத்துக் கட்டுவாள்.

பழம்புடவைகளை அடுக்கித் தைத்த கனத்த கோதடியை மேரி அந்தக் கம்பியில்தான் போடுவாள்.

"ஒங்க கோதடியப் போட்டுத்தான் கம்பி எறங்குது. வேற எடம் கெடைக்கலையா ஒங்களுக்கு?"

மேரி கோதடியை எடுத்துக்கொண்டு போவாள்.

ஒரு மே மாதம் மாட்டுங்காவிலிருந்து ஷ்ருதி வந்தாள். மலையும் மண்ணும் காலப்போக்கில் எப்படி உருமாறுகின்றன என்று ஆராய்கிறவள். அடிமரம் வளைந்து நின்ற மரங்களைப் படம் எடுத்தாள். மண்ணைக் கிள்ளி விரலில் தேய்த்தாள். மாரீஸ்வரி அவள் பின்னாலேயே நடந்தாள். ஆபத்து என்று எழுதிவிட்டால் பதினாறு வருஷ வீடு போய்விடுமே.

"இந்தப் பாறை நகர்ந்திருக்கா அக்கா?"

"அது எங்கன நவுரும்? அன்னைக்கு கெடந்தாப்புலதான் கெடக்கு."

ஷ்ருதி முளையருகே குனிந்தாள். "அப்போ இத்தனை முறுக்கு எதுக்கு?"

கோதடி என்று சொல்லத்தான் மாரீஸ்வரி வாயைத் திறந்தாள். முறுக்குகளை எண்ணினாள். போர்வையும் கோதடியும் குவிவது கோடையில், கம்பி தொய்ந்ததோ மழையில். அப்படியானால் கனத்தால் இல்லை. பாறைதான் வருஷா வருஷம் வீட்டை நோக்கி வந்திருக்கிறது. சொல்லாமல் விட்டால் வீடு தங்கும். கீழே மேரி வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"வருசத்துக்கு ஒண்ணும்மா. ஏழு மழைக்கு ஏழு."

ஷ்ருதி பாறையில் குறி போட்டு அளந்தாள். முதல் மழையிலேயே அது இரண்டு விரல்கடை இறங்கியது. மாரீஸ்வரி, மேரி உட்பட நான்கு குடும்பங்கள் மான்குர்தில் அரசு கொடுத்த மாடி வீடுகளுக்கு மாறின. கதவைப் பூட்டும்போது மாரீஸ்வரி வாய்விட்டு அழுதாள். ஜூலையில் பாறை உருண்டு வந்து அவளுடைய அடுப்படியில் உட்கார்ந்தது. அங்கே யாரும் இல்லை.

இப்போதெல்லாம் மழைக்கு முன்னால் ஷ்ருதியோடு காட்கோபர் சரிவுகளில் ஏறுகிறாள். பாறைக்கும் வீட்டுக்கும் கம்பி கட்டி, தொய்ந்தால் உடனே சொல்லச் சொல்லி அங்குள்ள பெண்களை மிரட்டிவிட்டு வருகிறாள்.

மான்குர்தில் மொட்டைமாடியில் புதுக் கம்பி கட்டிய அன்று, மேரி ஈரக் கோதடியோடு தள்ளியே நின்றாள்.

"எதுக்கு முழிக்கீய? போடுங்கக்கா. கம்பி தாங்கும்."