கடிதத்தில் வரவேண்டிய பெயர்

என் மூத்த பிள்ளைக்கு இரண்டு பெயர்கள். அவன் உயிரோடு இருந்தது எழுபத்தொரு நாள். இரண்டில் எதையும் இங்கே எழுதப்போவதில்லை. பெயர்களால் நான் பட்டது போதும்.

அவன் என் வயிற்றில் நாலு மாதமாக இருந்தபோது கணவர் கப்பலேறினார். யாழ்ப்பாணத்துக் குருநகரில் பிறந்து வலை இழுத்த மனிதர். சண்டையால் கடலுக்குப் போகத் தடை வந்த பிறகு வீட்டில் இருந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் கொழும்பில் யாரையோ பிடித்து, ஒரு கிரேக்கரின் சரக்குக் கப்பலில் வேலை எடுத்தார். கொஞ்சக் காலம் கப்பல், பிறகு கிரீஸிலேயே துறைமுகத்தில் ஒரு வேலை, என்னையும் பிள்ளையையும் கூப்பிடுவது, அதன் பிறகு லண்டனில் இருக்கும் தன் அண்ணையிடம் போவது. எங்கள் திருநெல்வேலிச் சந்தியில் இறங்கி பஸ் மாறுவதுபோல முதல் கடிதத்தில் எழுதியிருந்தார்.

இரண்டாவது கடிதத்தில் பெயர்க் கதை தொடங்கியது.

“கப்பலிலை என்ரை பெயர் ஒருத்தன்ரை வாயிலும் வருகுதில்லை. கப்டன் என்னை விசிலடிச்சுத்தான் கூப்பிடுறான். பெடியன் பிறந்தால் அவனை ஒருத்தனும் அப்பிடிக் கூப்பிடக்கூடாது. கிரேக்கனுக்கும் சொல்ல வரவேணும், இங்கிலீசுக்காரனுக்கும் சொல்ல வரவேணும். அப்பிடி ஒரு பெயர் பார்.”

விசில் என்ற இடத்தில் அழுதேன். அழுது முடிந்ததும் கோபம் வந்தது. ஏனென்றால் முதல் ஆண்பிள்ளைக்கு எங்கள் அப்பாவின் பெயர்தான் என்று நானும் அக்காவும் எப்போதோ பேசி முடித்திருந்தோம். அப்பா எண்பத்தாறில் கடலுக்குப் போனவர். அவரும் திரும்பவில்லை, வள்ளமும் திரும்பவில்லை. புதைக்க ஒன்றும் கிடைக்காததால் அவருக்குக் கல்லறையும் இல்லை. அந்தப் பெயர் ஒரு பிள்ளையிலாவது இருக்கட்டும் என்பதுதான் எங்கள் எண்ணம். எழுதிப்போட்டேன். பதில் வர ஒரு மாதம்.

“மாமான்ரை பெயர் நல்ல பெயர்தான். ஆனால் கிரேக்கன் பாதியிலை மூச்சு விட்டிடுவான்.”

அக்காவுக்கு இந்தக் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். அவள் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். “அப்ப மூச்சுப் பிடிக்கத் தெரிஞ்ச ஊருக்குப் போகச் சொல்லு,” என்றாள். அதோடு அந்தக் கதையை விட்டுவிட்டாள். மனதில் விட்டாளா என்பது வேறு.

எங்கள் பங்குக் குருவான சுவாமியிடம், புனிதர்களான அர்ச்சிஷ்டவர்களின் புத்தகத்தை இரவல் வாங்கி, பெயர் பெயராகப் பொறுக்கி அனுப்பினேன். ஒரு பெயரில் அந்த ஊரில் சிகரெட் இருக்கிறதாம். இன்னொன்றை இங்கிலீசுக்காரன் நாய்க்கு வைப்பானாம். மற்றொன்றில் எஞ்சின் அறையிலேயே நாலு பேர் இருக்கிறார்களாம், கூப்பிட்டால் நாலு பேரும் திரும்புவார்களாம். “யூதாசைத் தள்ளினாலும் அப்போஸ்தலர் பதினொரு பேர் மிச்சம் இருக்கினம். ஒருத்தரும் சரிவராட்டில் நீங்களே ஒரு வேதம் எழுதுங்கோ,” என்று எழுதிவிட்டேன். அதற்குப் பதிலாக வந்ததுதான் அவன் பிறக்குமுன் எனக்குக் கிடைத்த கடைசிக் கடிதம். ஒரு நல்ல பெயரைப் பார்த்துக்கொண்டிருப்பதாகவும், அடுத்த கடிதத்தில் நிச்சயம் வரும் என்றும் எழுதியிருந்தார். “அதுவரைக்கும் ஞானஸ்நானம் குடுக்காதை. இஞ்சை கிரீசிலையும் ஞானஸ்நானம் வரைக்கும் பிள்ளையை பேபி எண்டுதான் கூப்பிடுவினம். பிழையில்லை.”

தொண்ணூறாம் ஆண்டு ஆனியில் அவன் பிறந்தான். அந்த மாதமே சண்டை மறுபடி தொடங்கியது. கொழும்புக்குப் போன ஒருவரிடம் சொல்லி, ஆண்பிள்ளை என்று மட்டும் தந்தி அடிப்பித்தோம். பிறகு கடிதம் வரவுமில்லை, போகவுமில்லை. ஆமி இருந்த கோட்டைப் பக்கமிருந்து ஷெல் விழத் தொடங்க, குருநகரை விட்டுக் கொக்குவிலில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஓடினோம். ஒரு வகுப்பறையில் ஆறு குடும்பம். கணக்குப் பாடம் அழியாத கரும்பலகைக்குக் கீழே ஒரு சேலைத் தொட்டிலில் அவன் கிடந்தான்.

சுவாமி இரண்டு தரம் வந்து கேட்டார். “பெயருக்காக ஞானஸ்நானத்தைத் தள்ளாதையுங்கோ பிள்ளை. காலம் சரியில்லை.”

“அவர் எழுதட்டும் சுவாமி,” என்றேன்.

இந்தப் பிடிவாதத்தை எத்தனையோ தரம் நினைத்துப் பார்த்திருக்கிறேன். என் வயிறு பெருத்ததை அவர் காணவில்லை. பிள்ளை அழுததைக் கேட்கவில்லை. அந்த மனிதர் பிள்ளைக்குக் கொடுக்கக்கூடிய ஒரே பொருள் ஒரு பெயர். அதையும் நான் பறிக்க விரும்பவில்லை. அவ்வளவுதான் காரணம். நல்ல காரணம் என்று இப்போதும் நினைக்கிறேன். அதனால்தான் என்னை மன்னிக்க முடியவில்லை.

ஆவணியில் பள்ளிக்கூடத்துக் குழந்தைகளுக்கு வயிற்றோட்டம் பரவியது. இவனுக்கும் வந்தது. இரண்டாம் நாள் கண் உள்ளே போய், உச்சிக்குழி பதிந்துவிட்டது. திருநெல்வேலியில் ஒரு டாக்டர் பார்க்கிறார் என்றார்கள். அக்கா சைக்கிளை மிதிக்க, நான் பின் கரியரில் அவனை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். பாதி வழியில் குண்டு போடும் பொம்பர் வந்தது. சைக்கிளைப் போட்டுவிட்டு ஒரு வாழைத் தோட்டத்துக்குள் விழுந்து படுத்தோம்.

சாகக்கிடக்கும் குழந்தைக்குச் சுவாமி இல்லாவிட்டால் யாரும் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம். எங்கள் கரையில் இதைச் சின்ன வயதிலேயே சொல்லித்தந்துவிடுவார்கள். ஊற்றினால் ஊற்றியதுதான், திரும்ப ஊற்ற முடியாது. ஊற்றாமல் போனால், சேமக்காலை என்ற கல்லறைத் தோட்டத்தின் மதிலோரம், சிலுவைக் குருசு இல்லாமல்தான் புதைப்பார்கள்.

அக்கா அவனுடைய முகத்தைப் பார்த்தாள். பையிலிருந்த கொதித்தாறிய தண்ணீர்ப் போத்தலை எடுத்தாள்.

“பெயரைச் சொல்லடி.”

“கடிதம் வரட்டும் அக்கா.”

அறைந்தாள். அதுவரை என்னை ஒருநாளும் அடித்ததில்லை. பிறகு அவன் நெற்றியில் மூன்று தரம் தண்ணீரை ஊற்றி, சொல்ல வேண்டியதைச் சொன்னாள். அப்பாவின் பெயரைச் சொல்லித்தான் ஊற்றினாள். நீளமான அந்தப் பெயரை, பொம்பரின் இரைச்சலுக்குள், ஓரெழுத்தும் விடாமல் சொன்னாள்.

டாக்டரிடம் சேலைன் இல்லை. அன்று பின்னேரம் அவருடைய வாங்குப் பலகையிலேயே அவன் போய்விட்டான். சுவாமி அந்தப் பெயரைத்தான் கோயில் பதிவுப் புத்தகத்தில் எழுதினார். கொக்குவிலுக்குக் கிட்ட ஒரு சேமக்காலையில் மற்றவர்களோடு சரியான இடம் கிடைத்தது. மரக்குருசில் அக்காவே அந்தப் பெயரை எழுதினாள்.

கார்த்திகையில் கடிதம் வந்தது. அவன் உயிரோடு இருந்தபோது போட்ட கடிதம். பெயர் இருந்தது. துறைமுகத்துக்குப் பக்கத்துக் கோயிலில் மெழுகுதிரி விற்கும் மனுசி சொன்ன பெயராம். கப்பலின் இங்கிலீசு எஞ்சினியருக்கும் இலேசாக வாயில் வந்ததாம். “ஆளில்லாத நேரம் தளத்திலை நிண்டு கூப்பிட்டுப் பாத்தன். நல்லாயிருக்கு,” என்று எழுதியிருந்தார்.

கூப்பிட்டுப் பார்த்தாராம். அந்த வரியைப் படித்த பிறகு எனக்கு உண்மையை எழுதக் கை வரவில்லை. பிள்ளை இல்லை என்று எழுதினேன். உங்கள் கடிதம் நேரத்துக்குக் கிடைத்தது என்றும், நீங்கள் வைத்த பெயரோடுதான் போனான் என்றும் எழுதினேன். அக்கா அதை வாசித்தாள். கடித உறையை ஒட்டினாள்.

தொண்ணூற்றைந்து தொடக்கத்தில் சண்டை ஓய்ந்திருந்த சில மாதங்களில் அவர் கிளாலிக் கடலேரியைத் தாண்டி ஊருக்கு வரப்போவதாகச் சொல்லியனுப்பினார். நான் அக்காவிடம் போனேன்.

“வந்த உடனை குருசைப் பாக்கக் கேப்பார் அக்கா.”

கடல் கொண்டுபோன எங்கள் அப்பாவின் பெயர் ஒரு சேமக்காலையில் எழுதியிருந்தது அந்த ஒரு குருசில்தான். நாலரை வருடமாக, ஞாயிறு பூசை முடிந்து அவள் அங்கே போய் நின்றது பிள்ளைக்காக மட்டும் இல்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் கேட்டேன்.

“அவர் அனுப்பின பெயரை எழுதித் தா,” என்றாள். அன்றுவரை அது என்ன பெயர் என்று அவள் கேட்டதே இல்லை.

அவர் வருகிற அன்று, மீன் வெட்டும் கத்தியால் குருசைச் சுரண்டினாள். அப்பாவின் பெயர் தூளாகி மண்ணில் விழுந்தது. வள்ளத்துக்கு அடிக்கும் நீலப் பெயின்றில் மிச்சம் கொஞ்சம் இருந்தது. அதைக்கொண்டு புதுப் பெயரை எழுதினாள்.

அவர் வந்த மறுநாள் காலை மூவரும் போனோம். அவர் முழந்தாளிட்டு எழுத்துகளை விரலால் தடவினார். பெயின்ற் காயவில்லை. விரல் நீலமாகிவிட்டது. விரலைப் பார்த்தார். பிறகு குருசின் அடியில் கிடந்த மரத்தூளைப் பார்த்தார்.

“அக்கா,” என்றார் திரும்பாமலே. “பெயின்ற் மிச்சம் இருக்கே?”

“ஓம்.”

“கீழை இடம் கிடக்கு. மாமான்ரை பெயரையும் எழுதிவிடுங்கோ.”

அப்பா போனபோதும் அழாத அக்கா, அந்த மண்ணில் குந்தியிருந்து அழுதாள். அவர் என்னிடம் அன்றும் ஒன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. இரண்டு கிழமையில் கப்பலுக்குத் திரும்பிவிட்டார்.

அந்த ஐப்பசியில், ஆமி வருகிறது என்று ஊரே எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தது. மழை. சைக்கிளில் ஒரு பானையையும் இரண்டு பையையும் கட்டிக்கொண்டு வெளிக்கிட்டோம். சேமக்காலையைக் கடக்கும்போது, குருசைப் பிடுங்கிக்கொண்டு போவோமா என்று அக்காவிடம் கேட்டேன். இரண்டு பெயரும் அதில்தானே இருந்தன.

“அப்ப பிள்ளை பெயரில்லாமல் கிடக்கிறதே?” என்றாள் அவள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு முன்னால் நடந்தாள்.