இடது பக்கத்துக் கரித்தூள்

காரின் பேட்டரி இரண்டாவது முறையாகச் செத்தது ஒரு வியாழக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை என் மனைவி வேலூரிலிருந்து வந்து அந்தக் காரை எடுத்துக்கொண்டு போவதாக இருந்தது.

கார் அவளுடையது. ஓட்டுவதும் அவள்தான். எனக்கு லைசென்ஸ் இருக்கிறது, துணிச்சல் இல்லை. பதவி உயர்வில் மாற்றலாகிப் போனவள் முதலில் வாரம் ஒருமுறை வந்தாள். பிறகு மாதம் ஒருமுறை. பிறகு, "இந்த மாசம் முடியலைங்க." சண்டை ஒன்றுமில்லை. சண்டை என்றால் சமாதானம் என்று ஒன்றாவது மிச்சமிருக்கும். இப்போது அங்கே கார் நிறுத்த இடமுள்ள வீடு கிடைத்துவிட்டது. காரும் போய்விட்டால் இந்தக் குவார்ட்டர்ஸுக்கு வர அவளுக்கு என்ன வேலை? அதை நான் அவளிடம் கேட்கவில்லை. என்னிடமே கேட்டுக்கொண்டிருந்தேன், பல் தேய்க்கும்போது, சுரங்கத்து ஷிப்ட் பஸ்ஸில், சோற்றில் தண்ணீர் ஊற்றும்போது.

நெய்வேலி டவுன்ஷிப் கேட்டுக்கு வெளியே கடை வைத்திருக்கும் எலக்ட்ரீஷியன் மொபெட்டின் முன்னால் ஒரு பேட்டரியை வைத்துக்கொண்டு வந்தார். என் வயதுதான் இருக்கும்.

"ஊருக்கெல்லாம் கரண்டு அனுப்புறீங்க, உங்க வண்டிக்கு இல்லியா சார்?"

இந்த ஊரில் பேட்டரி செத்த எல்லாரும் கேட்டிருக்கும் ஜோக். சிரித்து வைத்தேன்.

போன வாரமே அவர் எல்லாம் பார்த்திருந்தார். வேறு பேட்டரியிலிருந்து ஒயர் கொடுத்து ஸ்டார்ட் செய்து, மீட்டர் வைத்து, "பதினாலு வோல்ட் காட்டுது, சார்ஜ் நல்லா ஏறுது" என்று சொல்லி, பேட்டரியைக் கடைக்குக் கொண்டுபோய் முழுசாகச் சார்ஜ் ஏற்றி மாட்டியிருந்தார். ஐந்து நாளில் மறுபடி பிணம். சாவியைத் திருப்பினால் டிக் டிக் டிக் என்று ஒரு பல்லி.

"எங்கியோ கரண்டு லீக் ஆவுது" என்றார். கொண்டுவந்த பேட்டரியை மாட்டி, அதன் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி நடுவில் மீட்டரைச் சேர்த்து, ஒவ்வொரு ஃபியூஸாகப் பிடுங்க ஆரம்பித்தார். ஹாரன். வைப்பர். கண்ணாடி. டிக்கி விளக்கு. ஒன்றைப் பிடுங்குவார், மீட்டரைப் பார்ப்பார், திரும்பச் செருகுவார். தூங்குமூஞ்சி மரத்தின் நிழல் எங்களை விட்டு நகர்ந்துபோனது. அவர் கழுத்தில் வேர்வை இறங்கியது. நான் பக்கத்தில் நின்றேன். ஃபியூஸ் பெட்டியின் மூடியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"லீக்கே இல்லியே சார். வண்டி சுத்தமா இருக்குது."

சொல்லிக்கொண்டே கடைசி ஃபியூஸைத் தேட இடது பக்கக் கதவைத் திறந்து குனிந்தவர், அப்படியே நின்றார். டிரைவர் பக்கத்து மேட் பளிச்சென்று இருந்தது. இடது பக்கத்து மேட்டில் கரித்தூள் அப்பிக்கிடந்தது, சுரங்கத்துப் பூட்ஸ் தடம் தடமாக. சீட் கடைசிவரை பின்னால் தள்ளியிருந்தது, ரேடியோ பொத்தானிலும் கரி விரல் பதிந்திருந்தது.

"யாரு சார் தினம் இங்க உக்காந்துகினு பாட்டு கேக்குறது?"

"நான்தான்."

ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடிந்து வந்ததும், பூட்ஸைக்கூடக் கழற்றாமல், சாவியை ஒரு சொடுக்கு மட்டும் திருப்பி, ரேடியோவைப் போட்டு, நான் எப்போதும் உட்காரும் இடத்தில் உட்கார்ந்துவிடுவேன். சாயங்காலம் முழுக்க. வலது பக்கம் காலியாக இருக்கும். ஆனால் அது இறங்கிக் கடைக்குப் போயிருப்பவளின் காலி. வீட்டுக்குள்ளே இருக்கும் காலி அப்படி அல்ல.

"மொதல்லியே சொல்லியிருந்தா இத்தினி ஃபியூஸப் புடுங்கியிருப்பனா? டாக்டராண்ட வயித்து வலிய மறைக்கிற ஆளு நீங்க!" என்று சிரித்தார். பிறகு, "வூட்ல ரேடியோ இல்லீங்களா?"

"இருக்குங்க."

அவர் மீட்டரின் ஒயரைச் சுற்றிப் பையில் போட்டார். செத்த பேட்டரியைக் கடைக்கு எடுத்துப்போய் வெள்ளிக்கிழமை திரும்ப மாட்டினார். "ஞாயித்துக்கிழம வரைக்கும் சாவியத் தொடாதீங்க சார்."

சனிக்கிழமை சாயங்காலம் தொட்டேன். ஒரு சொடுக்கு போதும். ரேடியோவையும் ஹெட்லைட்டையும் போட்டு விட்டுவிட்டால், காலையில் வண்டி கிளம்பாது. அவள் ஒருநாள் தங்குவாள், அதிர்ஷ்டம் இருந்தால் இரண்டு. காருக்குள் இடது பக்கம் உட்கார்ந்து, சாவியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, பாட்டில்லாமல் இருட்டும்வரை இருந்தேன். உலோகம் சூடாகிவிட்டது. அப்படித் தங்குபவள் பேட்டரிக்காகத்தானே தங்குவாள் என்று தோன்றியது. இறங்கி, சாவியை ஆணியில் மாட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை ஒரே திருப்பில் வண்டி கிளம்பியது. எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

"கடிகாரம் ஏன் தப்பா ஓடுது?" என்றாள்.

"பேட்டரி கழட்டினோம்."

கைபேசியைப் பார்த்துச் சரியாக வைத்தாள். பிறகு கிளம்புமுன் மேட்டுகளைத் தட்ட இறங்கினாள். வலது பக்கத்தைத் தட்டினாள். இடது பக்கம் வந்து குனிந்தவள் கொஞ்ச நேரம் நிமிரவில்லை.

"சீட்டை யாருங்க இவ்வளவு பின்னால தள்ளினது?"

சொன்னேன். என்ன பாட்டு கேட்டேன் என்பது வரைக்கும். அவள் அந்த மேட்டைத் தட்டாமல் அப்படியே போட்டாள்.

"ஏறுங்க. முத்தாண்டிக்குப்பம் வரைக்கும் வாங்க, பஸ்ல திரும்பிக்கலாம்."

முந்திரித் தோப்புகளுக்கு நடுவே போனோம். பேட்டரி கழற்றியதில் ரேடியோ தன் ஸ்டேஷன்களை எல்லாம் மறந்திருந்தது. ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டே வந்தாள். நான் கேட்கும் ஸ்டேஷன் அகப்பட்டபோது ஊர் வந்துவிட்டது. நான் இறங்கினேன். அவள் ரேடியோவை அணைக்கவில்லை.

நெய்வேலி பஸ் வர முக்கால் மணி நேரம் ஆனது. அதில் உட்கார இடம் கிடைக்கவில்லை.