பிஸ்டலும் பிளாஸ்க் மூடியும்

மைசூரில் ஒரு தனியார் அருங்காட்சியகத்தில் வழிகாட்டி வேலைக்கு அன்று எனக்குச் சோதனைச் சுற்று. மேலாளர் பின்னாலேயே வந்தார். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். வேலை இல்லாமல் என் ஊரான ஹனூருக்குத் திரும்புவதாக இல்லை.

கூட்டத்தில் மஞ்சள் சேலை கட்டிய பருத்த அம்மா ஒருவர், மாதேஸ்வரன் மலையில் பூசிய விபூதியோடு வந்திருந்தார். கையில் இருந்த பிளாஸ்க்கின் மூடியைத் திருகித் திருகி மூடிக்கொண்டே இருந்தார்.

பழைய ஜெர்மன் பிஸ்டல் முன்னால் நின்று ஒப்பித்தேன்: "சுட்டதும் தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொண்ட முதல் பிஸ்டல்களில் ஒன்று. தொழிற்சாலையில் வேலை பார்த்த மூன்று சகோதரர்கள் ஓய்வு நேரத்தில் உருவாக்கியது. பக்கத்தில் இருக்கும் மரப்பெட்டி இதன் உறை."

"உறை மட்டுந்தானா கண்ணு? பெட்டி நுனியில இரும்பு நீட்டிக்கிட்டு இருக்குது, பிஸ்டல் புடியில பள்ளம் இருக்குது. மாட்டிப் பாத்தீங்களா?" என்றார் அந்த அம்மா.

எனக்கு வியர்த்தது. "தெரியலீங்கம்மா" என்றேன். தெரியாது என்று சொல்லி எனக்குப் பழக்கமே இல்லை.

மேலாளர் கண்ணாடிப் பேழையைத் திறந்து, பெட்டியைப் பிஸ்டல் பிடியில் மாட்டினார். 'டக்'. பெட்டி தோளில் சாய்க்கும் கட்டையாகி, பிஸ்டல் நீளத் துப்பாக்கியாகிவிட்டது. கூட்டம் கைதட்டியது.

"அய்யோ ராமா! எட்டு வருஷமா நானே தொடைக்கிறேன்" என்றார் மேலாளர். பிறகு என்னிடம், "யாருக்கும் சொல்லாதீங்கம்மா. நாளைக்கே வேலைக்கு வந்துடுங்க."

"உங்களுக்கு எப்படித் தெரிந்தது?" என்று அந்த அம்மாவைக் கேட்டேன்.

பிளாஸ்க் மூடியில் காபியை ஊற்றி நீட்டினார். "இது மூடியா, கப்பா? குடி கண்ணு, வேத்துப் போச்சு."

பெயரைக் கேட்பதற்குள் பஸ்ஸுக்கு ஓடிவிட்டார். சாயங்காலம் வரை மேலாளரும் நானும் அங்கிருந்த எல்லாவற்றையும் ஒன்றோடொன்று மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம்.